கொத்தனார் மூணாம் பதிப்பு

நீங்க கம்ப்யூட்டர் ஆள் இல்லையே சார்? இல்லையா? நல்லது. கம்ப்யூட்டர் ஆளுங்ககிட்ட பேசறதை நான் விட்டுட்டேன். என்ன வேலை உங்களுக்கு? பம்பு செட் வியாபாரமா? ரொம்ப நல்ல தொழில். கொண்டுபோய் மாட்டினா தண்ணி வரும். மறுநாள் ஒருத்தி வந்து, இந்தக் குழாயை எல்லாம் பிடுங்கிட்டு வேற மாதிரி மாட்டப் போறோம், உங்க கருத்து என்னன்னு கேக்க மாட்டா.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் கோபக்காரன் இல்ல சார். எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. சரி, வேண்டாம், கேக்க வேண்டாம். அவளும் இப்ப அந்தப் பொண்ணு பக்கம்தான்.

நான் சீனிராஜ். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கறேன். அது சோத்துக்கு. ஆனா என்னைத் தெரிஞ்ச ஆளுங்களுக்கு, கொத்தனாரை எழுதினவன்னு சொன்னாத்தான் தெரியும். நீங்க நினைக்கிற கொத்தனார் இல்ல. கரண்டி, மட்டப்பலகை எல்லாம் கிடையாது. அது ஒரு மென்பொருள்.

ஒரு மென்பொருள்னா பல பேர் ஆளுக்கொரு துண்டா எழுதுவாங்க. அந்தத் துண்டை எல்லாம் எடுத்து, வரிசையா அடுக்கி, சேர்த்துக் கட்டி, போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஓடற மாதிரி ஒண்ணாக்கித் தரணும். அந்தக் கட்டுற வேலையைச் செய்யறதுதான் கொத்தனார். எதை எதை எப்படிக் கட்டணும்னு நீங்க ஒரு கட்டளைக் கோப்பு எழுதிக் குடுத்துட்டா போதும், மிச்சத்தை அது பார்த்துக்கும். மில்லு வேலைக்காக எழுதினேன். நல்லா வந்துச்சு. சரி, நாலு பேருக்கு ஆகட்டும்னு இன்டர்நெட்டுல திறந்து வெச்சேன். திறந்து வெக்கிறதுன்னா யார் வேணாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு. திருத்தி அனுப்பலாம்னு சொல்லியிருக்கவே கூடாது.

அனுப்பினாளே. மங்கையர்க்கரசி. திருச்சிக்காரி, திருவெறும்பூர் பக்கம். அப்ப காலேஜ்ல படிச்சுட்டு இருந்தா. அவ முதல் முதல்ல அனுப்பின திருத்தம் என்னன்னு நினைக்கிறீங்க? ஒரு எழுத்து. 'கோப்பு கிடைக்கவில்லை'ன்னு திரையில வர வேண்டிய இடத்துல 'கோப்பு கிடக்கவில்லை'ன்னு நான் போட்டிருந்தேனாம். அந்த ஒரு எழுத்தைத் திருத்தி, கூடவே ஒரு கடுதாசி மாதிரி, "அண்ணா, உங்க கருவி அருமையா இருக்கு, ஒரு சின்னத் திருத்தம் மட்டும்"னு. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல. நல்ல பொண்ணுன்னு நினைச்சுட்டேன்.

அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல கூடவே இருந்தா. உள்ள நுழைஞ்சு உக்காந்துகிட்டா. எப்படின்னு கேளுங்க. யாராவது ஒருத்தன் சந்தேகம் கேப்பான், எனக்கு ஓடலைங்க, என்ன செய்யறதுன்னு. நான் "ஒழுங்கா படிச்சுப் பாரு"ன்னு ஒரு வரியில முடிச்சுடுவேன். அதுதான் முறை. நாமளே சொல்லிக் குடுத்துட்டே இருந்தா அவன் எப்பப் படிப்பான்? அவ என்ன செய்வான்னா, என் பதிலுக்குக் கீழயே அவன் ஊரு, அவன் கம்ப்யூட்டரு எல்லாம் கேட்டு, பக்கம் பக்கமா விளக்குவா. ஓடுற வரைக்கும் விட மாட்டா. இப்படியே எல்லாரையும் வளைச்சுப் போட்டுட்டா. நான் கவனிக்கவே இல்ல. நான் வேலையைப் பார்த்துட்டு இருந்தேன்.

கண்டக்டர், எனக்குத் திருச்சி ஒண்ணு. ஆமா, பஸ் ஸ்டாண்டு.

எங்க விட்டேன்? ஆங். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம் போன் பண்றா. "அண்ணா, ஒரு பெரிய மாத்தம் யோசிச்சு வெச்சிருக்கேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்." பார்த்தீங்களா தந்திரத்தை? முதல்ல என்கிட்ட சொல்லிட்டா, நாளைக்கு எனக்குத் தெரியாமச் செஞ்சாங்கன்னு நான் சொல்ல முடியாதுல்ல?

"என்ன மாத்தம்?"னு கேட்டேன்.

"மூணாம் பதிப்புல கட்டளைக் கோப்பு எழுதற முறையையே மாத்திடலாம்ணா. பழைய கோப்பு அதுல ஓடாது. எல்லாரும் திருப்பி எழுதணும். வலிக்கும், தெரியுது. அதனாலதான் வலி கம்மியா இருக்கறாப்ல எப்படிச் செய்யலாம்னு உங்களோட உக்காந்து யோசிக்கணும்."

ஏன் மாத்தணுமாம்? பழைய முறையில எதுக்கு அப்புறம் எதைக் கட்டணும்னு வரிசையை நீங்களே எழுதணும். வரிசை தப்பினா சில நேரம் பழைய துண்டு ஒண்ணு உள்ளயே தங்கிடும். நீங்க திருத்தி எழுதியிருப்பீங்க, ஆனா கட்டி வர்றதுல பழைய தப்பே இருக்கும். கொத்தனார் ஒண்ணும் சொல்லாது, 'முடிந்தது'ன்னு போட்டுடும். இது பெரிய ஆபத்துங்கறா. என்ன ஆபத்து? எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லருந்து கட்டினா சரியாப் போயிடும். அது எல்லாருக்கும் தெரியும். எங்கயும் எழுதி வெக்கல, ஆனா தெரியும். புது முறையில ஒவ்வொரு துண்டும் தனக்கு எது எது வேணும்னு சொன்னாப் போதுமாம், வரிசையைக் கொத்தனாரே கண்டுபிடிச்சுக்குமாம். அப்ப எழுதறவனுக்கு ஒழுக்கம் எங்க இருந்து வரும்? ஒரு இடைவெளி தப்பா விட்டா மொத்தமும் நிக்கும்னு இருந்தாத்தான் சார் மனுஷன் கவனமா எழுதுவான்.

"நான் எழுதினதுல கை வெக்கணும்னா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்"னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன். நான் கோபக்காரன் இல்ல. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவேன்.

விட்டாளா? அப்பவும் அடுத்த வாரமே திட்டம் தீட்டி எல்லாருக்கும் பகிரங்கமா வெச்சுட்டா. நான் சொல்றேன், ஒவ்வொண்ணாக் கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு வருஷம் கழிச்சுத்தான் புதுப் பதிப்பு வரும்னு முன்கூட்டியே தேதி. ஏன் ஒரு வருஷம்? எல்லாரும் மெதுவா எனக்கு எதிரா மனசு மாறத்தான். புதுசு வந்த அப்புறமும் பழைய ரெண்டாம் பதிப்பு இன்னும் ரெண்டு வருஷம் அது பாட்டுக்குக் கிடைக்கும், யாரும் அவசரப்பட வேண்டாம்னு அறிவிப்பு. அதாவது என் சரக்கைக் கடை ஓரத்துல போட்டு வெப்பாங்களாம். பழைய கோப்பைப் புது முறைக்கு மாத்தித் தர ஒரு தனிக் கருவி. அதை அவளே எழுதினா. எழுதினதோட விட்டாளா, கொத்தனாரை யார் யார் பயன்படுத்தறாங்கன்னு தேடிப் பிடிச்சு, அவங்க கோப்பை எல்லாம் தானே மாத்தி, ஓட்டிப் பார்த்து, இந்தாங்க, வேணும்னா வெச்சுக்கங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் அனுப்பினா. வீடு வீடா ஓட்டு கேக்கற மாதிரி. எனக்கும் அனுப்பினா! எங்க மில்லு கோப்பை மாத்தி எனக்கே அனுப்பறா. அந்தத் திமிரை எங்க போய்ச் சொல்றது?

நான் சும்மா இருக்கல. எழுதினேன். தினமும் எழுதினேன். பொதுப் பலகைன்னு ஒண்ணு இருக்கும், எல்லாரும் பார்க்கற இடம், அங்கயே எழுதினேன். முட்டாள்கள்னு எழுதினேன். அடுத்தவன் கட்டின வீட்டுல குடியிருந்துக்கிட்டு சுவத்தை இடிக்கிற கூட்டம்னு எழுதினேன். அவளைப் பத்தி எழுதினதை இங்க சொல்ல வேண்டாம், பக்கத்து சீட்டுல பொம்பளைங்க இருக்காங்க. அதுக்கு அவ பதில் போடறா: "அண்ணா சொல்றதுல மூணாவது குறை சரியானது. பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கவங்களை நாங்க யோசிக்கல. திட்டத்துல சேர்த்துட்டோம். நன்றி." நான் திட்டி எழுதினதுல இருந்து குறையைப் பொறுக்கி எடுத்து நன்றி சொல்றா சார். இவளோட எப்படிச் சண்டை போடறது?

அப்புறம் திருச்சியில கூட்டம் போட்டாங்க. ஒரு கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு ஹால். நானும் போனேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க. அவதான் நிக்கச் சொல்லியிருப்பா. என்னை முதல்ல பேசச் சொன்னாங்க. பேசினேன், நல்லாப் பேசினேன். முடிச்ச அப்புறம் அவ மட்டும் எழுந்து, "அண்ணாவுக்காக வெளியீட்டை மூணு மாசம் தள்ளி வெக்கலாம். அதுக்குள்ள அவர் என்ன மாத்தச் சொன்னாலும் உக்காந்து பேசுவோம்"ங்கறா. எனக்காகத் தள்ளி வெக்கறாளாம். நான் என்ன பிச்சையா கேட்டேன்? "ஒண்ணும் தள்ள வேண்டாம். இடிக்கிறதுன்னா இடி. ஆனா அந்தக் குப்பையில என் பேரு இருக்கக் கூடாது. எடுத்துடு"ன்னேன்.

"அண்ணா, பேரு மட்டும் இருக்கட்டும்ணா"ங்கறா.

"எடு."

"இதை ஆரம்பிச்சது நீங்க. அது மாறாதுல்ல."

"எடுன்னா எடு."

கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. நடிப்பு. அப்புறமும் ரெண்டு தடவை எழுதிக் கேட்டா, நிச்சயமா எடுக்கணுமான்னு. ரெண்டு தடவையும் ஆமான்னு போட்டேன். எடுத்துட்டா சார்! நான் சொன்னேன்னு எடுத்துட்டா. ஒரு மனுஷன் கோபத்துல சொல்றான்னு தெரியாதா? பத்து வருஷம் கூட இருந்தவளுக்கு அது கூடத் தெரியாதா?

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கங்க சார், காத்துல நான் பேசறது உங்களுக்கே கேக்கல. ஆமா, மேலூர் இது.

ஒருத்தர் மட்டும் என் பக்கம் நின்னார். ஒருத்தர்னா ஒரு கூட்டமே. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில சகாய அன்றோன்னு ஒரு ஆள். மீனவப் பசங்க சேர்ந்து போன்ல ஒரு செயலி நடத்தறாங்க. காத்து எப்படி, அலை எப்படி, இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு பச்சை, மஞ்சள், சிவப்புன்னு நிறத்துல காட்டும். ரொம்பப் பேர் அதைப் பார்த்துட்டுத்தான் வலையை எடுப்பாங்க. அதைக் கட்டறதும் நம்ம கொத்தனார்தான். அவர் எனக்குப் போன் பண்ணி, "அண்ணாச்சி, அந்தப் பிள்ளை புது முறைக்கு மாத்தி அனுப்பியிருக்கு, நாங்க மாறட்டுமா?"ன்னு கேட்டார். "மாறாதீங்க. நான் இருக்கேன்"னு சொன்னேன். மாறல. நல்ல மனுஷன். இன்னும் கொஞ்சம் பேரு என் பேச்சைக் கேட்டு மாறாம இருந்தாங்க.

புதுப் பதிப்பு வெளிவர்ற நாள் வந்துச்சு. காலையில மில்லுக்குப் போறேன். டீ வருது. கம்ப்யூட்டரைத் திறந்தா ஒரே வாழ்த்து. அருமை, அற்புதம், ஒரு சிக்கலும் இல்லாம மாறிட்டோம், அரசிக்கு நன்றி, அரசிக்கு நன்றி. அரசின்னா அவதான். என் பேரைத் தேடிப் பார்த்தேன். ஒரு ஓரத்துல கூட இல்ல. சரி, என் பேரு இல்லாத இடத்துல என் பொருள் எதுக்கு? பழைய ரெண்டாம் பதிப்பை வெச்சிருக்கற களஞ்சியத்தோட சாவி என்கிட்டதான் இருந்துச்சு. சாவின்னா கடவுச்சொல். பழைய முறையில யாரு எங்க எதைக் கட்டினாலும், ஒவ்வொரு தடவையும் அவங்க கம்ப்யூட்டர் கொத்தனாரை அங்க இருந்துதான் எடுத்துக்கும். எடுத்துட்டேன். மொத்தத்தையும் அழிச்சுட்டேன். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

நியாயம்தானே? புதுசு வேணும்னு சொன்னவன் புதுசை வெச்சுக்கட்டும். என்னோடதை நான் எடுத்துக்கறேன்.

இதுல கொடுமை என்னன்னா சார், புதுசுக்கு மாறினவனுக்கு ஒண்ணும் ஆகல. ஒருத்தனுக்குக் கூட ஒண்ணும் ஆகல. என் பேச்சைக் கேட்டு மாறாம இருந்தவங்களுக்குத்தான் எல்லாம் நின்னு போச்சு. அவங்கதான் முதல்ல என்னைத் திட்டினாங்க. நன்றி கெட்ட உலகம்.

அன்னைக்குப் பார்த்துத்தான் சகாய அன்றோ ஆளுங்களுக்கு அவசரமாம். முந்தின நாள் ஏதோ திருத்தினாங்களாம், ஆனா பழைய துண்டு ஒண்ணு உள்ளயே தங்கிப்போய், சிவப்பு காட்ட வேண்டிய இடத்துல பச்சை காட்டுதாம். கடல்ல காத்து ஏறுது, செயலி போகலாம்னு சொல்லுது. திருத்திக் கட்டலாம்னு பார்த்தா கொத்தனாரே இல்ல. எனக்குப் போன் அடிக்கறார். எடுத்தேன். எடுக்காம இருந்திருக்கலாம்.

"அண்ணாச்சி, திரும்ப வையுங்க. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வையுங்க. போட்டெல்லாம் கிளம்பிக்கிட்டு கெடக்கு."

"அழிச்சது அழிச்சதுதான் அன்றோ. அவளைப் போய்க் கேளுங்க"ன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க இருக்கேன்னு சொன்னீங்களே"ன்னார். அவ்வளவுதான். வெச்சுட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல சார். அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஒண்ணும் ஆகலையே. கோயில் மைக்குல சொல்லி, பசங்க கரையோரமா பைக்குல ஓடி, வெள்ளைத் துணியை ஆட்டி, போட்டுகளை எல்லாம் திருப்பிக் கூப்பிட்டாங்களாம். ரெண்டு போட்டுதான் சாயங்காலம் வரைக்கும் வரல. அதுவும் வந்துடுச்சு. அவ என்ன செஞ்சாளாம், தன் கம்ப்யூட்டர்ல எப்பவோ இறக்கி வெச்சிருந்த பழைய கொத்தனாரைத் தேடி எடுத்து, மத்தியானத்துக்குள்ள அவளே கையால கட்டி அனுப்பிட்டாளாம். ஆக, ஒண்ணும் ஆகல. அந்த ரெண்டு போட்டுல இருந்தது யாருன்னு நான் கேக்கல. அன்றோவோட தம்பின்னு அப்புறம் யாரோ சொன்னாங்க. வந்துட்டான்ல, அப்புறம் என்ன?

மறுநாள் அவ ஒரு அறிக்கை விட்டா. சீனிராஜ் அழிச்சுட்டார்னு எழுதுவா, பதிலுக்குக் கிழிக்கலாம்னு நான் தயாரா உக்காந்திருக்கேன். என்ன எழுதியிருக்கா தெரியுமா? "இது எங்கள் திட்டத்தின் குறை. எல்லாரும் நம்பியிருந்த ஒன்றை ஒரே இடத்தில் வைத்திருந்தோம். கடற்கரை நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." என் பேரே இல்ல! பேரை எடுன்னா அங்கயுமா எடுக்கணும்? நான் செஞ்சதுக்கு அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? செஞ்சவன் நான். அந்த மரியாதையைக் கூடக் குடுக்கல.

என் சம்சாரம் தமயந்தி அந்த அறிக்கையைப் படிச்சுட்டு ஒரு நாள் பூரா என்கூடப் பேசல. என் மேல கோபமாம். என் மேல! "அந்தப் பொண்ணு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணும், இனிமே பண்ணாது"ன்னு மட்டும் சொன்னா. பண்ண வேண்டாம். யாரு பண்ணச் சொன்னா?

அதுக்கப்புறம் எனக்கு வேலையே இல்லாமப் போச்சு சார். மில்லு வேலை இருக்கு. ஆனா காலையில எழுந்தா யாரும் எதுவும் கேட்டு எழுதியிருக்க மாட்டாங்க. பொதுப் பலகையில நான் எழுதறதை நிறுத்தி வெச்சுட்டாங்க. அவ வேண்டாம்னு சொன்னாளாம், மத்தவங்க விடல. சரி, உள்ள என்ன கூத்து நடக்குதுன்னு பார்க்கணும்ல? ஒரு புதுப் பேரு வெச்சேன். பால்வண்ணன். சிவகாசியில அச்சாபீஸ் வேலை, பொழுதுபோக்கா மென்பொருள் எழுதறவன்னு போட்டேன். வேவு பார்க்கத்தான். வேற ஒண்ணும் இல்ல.

புதுப் பதிப்பைக் குடைஞ்சேன். ஒரு குறை கிடைச்சுது. பழைய கம்ப்யூட்டர்ல ரொம்ப மெதுவா ஓடுது. சந்தோஷமா எழுதப் போனேன். ஆனா என் மாதிரி எழுதினா கண்டுபிடிச்சிருவாங்கல்ல? அதனால பால்வண்ணன் மரியாதையா எழுதுவான். "வணக்கம். உங்கள் உழைப்புக்கு நன்றி. எனக்கு இந்தச் சிக்கல் வருகிறது. நான்தான் தவறாகச் செய்கிறேனோ தெரியவில்லை." எழுதும்போது கை கூசிச்சு சார். ஒரு மணி நேரத்துல அவ பதில். அருமையாக் கண்டுபிடிச்சிருக்கீங்க, எந்தக் கம்ப்யூட்டர், எவ்வளவு நினைவகம்னு கேட்டா. சொன்னேன். சேர்ந்து தேடினோம். எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியும், அடித்தளம் நான் போட்டதுதானே. திருத்தி அனுப்பினேன். சேர்த்துக்கிட்டா. வெளியீட்டுக் குறிப்புல 'சிவகாசி பால்வண்ணனுக்கு நன்றி'ன்னு வந்துச்சு.

அப்புறம் அடிக்கடி எழுத வேண்டியதாப் போச்சு. பால்வண்ணனை எல்லாருக்கும் பிடிக்குது. புதுப் பசங்க சந்தேகம் கேக்கறான், பால்வண்ணன் பொறுமையா விளக்கறான். அவன் பொறுமையா இருந்துதானே ஆகணும், இல்லாட்டி மாட்டிப்பான். போன மாசம் சகாய அன்றோ கூடக் கேட்டார். அவங்களும் புதுசுக்கு மாறிட்டாங்க. ஏதோ இடத்துல முட்டி நின்னுச்சு. நாலு நாள் கூட இருந்து சரி பண்ணிக் குடுத்தேன். "தம்பி நல்லா இருப்பீங்க"ன்னு எழுதினார். எனக்கு அவரைவிடப் பத்து வயசு ஜாஸ்தி. தம்பியாம்.

ஒரு தடவை அவ எழுதறா, "நீங்க எழுதற நிரலைப் பார்த்தா எங்க பழைய ஆள் ஒருத்தர் ஞாபகம் வருது. அவரை மாதிரி சுருக்கமா எழுத இங்க யாரும் இல்ல"ன்னு. பழைய ஆளாம். படிச்சதும் ரத்தம் கொதிச்சுது. பால்வண்ணன் "மிக்க நன்றி"ன்னு போட்டான்.

இப்ப என்னன்னா, நாலாம் பதிப்புக்குத் திட்டம் போடறாங்க. களஞ்சியத்தையே வேற விதமா அமைக்கணுமாம். மறுபடியும் எல்லாருக்கும் கொஞ்சம் உடையும். அவ பால்வண்ணன்கிட்ட கருத்துக் கேட்டா. நான் விரிவா எழுதினேன். முதல்ல எல்லாருக்கும் சொல்லுங்க. ஒரு வருஷமாவது அவகாசம் குடுங்க. பழசைச் சட்டுனு எடுத்துடாதீங்க, நம்பி இருக்கறவன் நடுத்தெருவுல நின்னுடுவான். மாத்தறதுக்கு நீங்களே கை குடுங்க. இப்படி எல்லாம் தெளிவா எழுதினேன். இவங்களுக்கு எல்லாம் ஒருத்தன் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு, பாருங்க.

அதைப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டிருக்கா. இன்னைக்குச் சாயங்காலம் திருச்சியில கூட்டம். பால்வண்ணன் நேர்ல வரணும், பொறுப்பாளர்கள்ல ஒருத்தராச் சேரணும்னு எல்லாரும் ஒரு மனசா விரும்பறாங்களாம். யாரு இந்தப் பால்வண்ணன்? நேத்து வந்தவன். இதை ஆரம்பிச்சவன் நான். என்னை வெளியில நிறுத்திட்டு அவனை உள்ள கூப்பிட்டு உக்கார வெக்கறாங்க. அதுக்குத்தான் போறேன் சார். நேராப் போய் நடுவுல நின்னு, நான்தான்டா சீனிராஜ், நீங்க தூக்கி வெச்சுக் கொண்டாடற பால்வண்ணனும் நான்தான், இப்ப என்ன சொல்றீங்கன்னு கேக்கப் போறேன். மூஞ்சியை எங்க வெச்சுக்குவாங்கன்னு பார்க்கணும்.

கேட்டுட்டு என்ன செய்வேனா? வந்துடுவேன். ராத்திரி பஸ் இருக்குல்ல? கேட்டுட்டு வந்துடுவேன். உக்காரச் சொன்னாக்கூட உக்கார மாட்டேன். ஆனா அன்றோவும் வர்றாராம். அதான் கொஞ்சம். அவர் முன்னாடி நின்னுட்டு... அவர் தம்பியும் கூட வரானாம். அது தெரிஞ்சிருந்தா வேற நாள் போயிருப்பேன்.

ஒரு நிமிஷம் சார். போன் அடிக்குது.

பேரு வரல. பேரை நான் அழிச்சுட்டேன், ஆனா நம்பர் தெரியும். அவ நம்பர். இது எப்படி? பால்வண்ணன் யாருக்கும் போன் நம்பரே குடுக்கலையே சார். மெயில் மட்டும்தானே. இது என் நம்பர். இதுல அவ பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. எதுக்கு இப்ப?

எடுக்கச் சொல்றீங்களா?

ஹலோ.

ம்.

ம். நான்தான்.

எப்பத்திலருந்து தெரியும்? முதல் மெயில்லயேவா? அப்ப ஏன் நீ... சரி. சரி, விடு.

துவரங்குறிச்சி தாண்டியாச்சு. இல்ல, நின்னுக்கிட்டு எல்லாம் வரல, உக்கார இடம் கிடைச்சுது. அன்றோ வந்துட்டாரா? அவருக்கும் தெரியுமா? என்ன சொன்னார்? ம். நேர்லயே சொல்லட்டும். கேட்டுக்கறேன்.

இன்னும் சாப்பிடல. நீ?